கார் ஸ்பார்க் பிளக்: எந்த எண், எந்த உலோகம், எவ்வளவு இடைவெளி

இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும் தீப்பொறியைத் தருவது ஸ்பார்க் பிளக். அதை மாற்றப் போகிறவர்கள் பெரும்பாலும் பழையதில் ஒன்றைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போய், "இதே மாதிரி நாலு கொடுங்க" என்பார்கள். அந்தப் பழைய பிளக் கம்பெனி போட்டு அனுப்பியதா, இல்லை முன்பு யாரோ ஒரு மெக்கானிக் கையில் கிடைத்ததை மாட்டியதா என்று அதைப் பார்த்து எப்படிச் சொல்வது? செகண்ட் ஹேண்ட் வண்டி என்றால் சந்தேகம் இன்னும் கூடும். தவறான பிளக்கும் மரையில் ஏறும், வண்டியும் ஓடும். கோளாறு பல ஆயிரம் கிலோமீட்டர் கழித்துத்தான் தலைகாட்டும். அதனால் கடைக்குப் பழைய பிளக்கைக் கொண்டுபோவதைவிட எண்ணைக் கொண்டுபோவதே நல்லது.

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. அவர்கள் வண்டியில் இருப்பது ஹீட்டர் பிளக். வேலையும் வேறு, தேர்வும் வேறு.

எண்ணை எங்கே தேடுவது

வண்டியோடு வந்த மேனுவலின் கடைசிப் பக்கங்களில், இன்ஜின் ஆயில் அளவு போட்டிருக்கும் அட்டவணையிலேயே பிளக் எண்ணும் இடைவெளியும் (பொறி குதிக்கும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே உள்ள தூரம்) பெரும்பாலும் இருக்கும். மேனுவல் இல்லையென்றால் ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணைக் கம்பெனி ஷோரூமின் பார்ட்ஸ் கவுன்டரில் கொடுங்கள், பார்ட் நம்பர் எடுத்துத் தருவார்கள். பிளக் தயாரிக்கும் கம்பெனியின் கேட்டலாக்கையும் நம்பலாம். ஆன்லைனில் விற்பவர் தானே எழுதிவைத்திருக்கும் 'இந்தக் கார்களுக்கெல்லாம் பொருந்தும்' பட்டியலை மட்டும் நம்பாதீர்கள்.

காரின் பெயரைச் சொன்னால் போதாது, இன்ஜினைச் சொல்ல வேண்டும். ஸ்விஃப்ட்டையே பாருங்கள். 2005-இல் 1.3 லிட்டர் ஜி13 இன்ஜினோடு வந்தது. 2010-இல் 1.2 லிட்டர் கே12எம், 2021-இல் கே12என், 2024-இல் மூன்று சிலிண்டர் இசட்12இ என்று மாறியது. "ஸ்விஃப்ட் பெட்ரோலுக்கு பிளக்" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் இந்த நான்கில் எதற்கு எடுப்பார்? எண்ணிக்கையும் மாறுகிறது: 2024 வண்டிக்கு மூன்று, முந்தியவற்றுக்கு நான்கு. பழைய ஹோண்டா சிட்டியின் ஐ-டிஎஸ்ஐ இன்ஜினில் சிலிண்டருக்கு இரண்டாக மொத்தம் எட்டு. கை எளிதில் எட்டும் நான்கை மட்டும் மாற்றிவிட்டு மற்ற நான்கைத் தொடாமல் விடுகிற வேலையும் நடப்பதுண்டு. அந்த வண்டிக்காரர்கள் கழற்றிய எட்டையும் எண்ணிக் கையில் வாங்கிக்கொள்வது நல்லது.

எண்ணைப் பிரித்துப் படிக்க

என்ஜிகே பிளக்கில் பி.கே.ஆர்.6.இ-11 என்று ஒன்று உண்டு. 'பி.கே.' என்றால் மரை 14 மி.மீ., ஸ்பானர் பிடிக்கும் அறுகோணம் 16 மி.மீ. 'ஆர்' என்றால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. 6 என்பது சூட்டு எண், அதன் விளக்கம் கீழே வருகிறது. 'இ' என்றால் மரைப் பகுதியின் நீளம் 19 மி.மீ. கடைசி 11 என்பது இடைவெளி 1.1 மி.மீ.

டென்சோவில் கே20பிஆர்-யு11 ஏறக்குறைய இதற்கு இணை. 'கே' என்பது மரை, நீளம், அறுகோணம் மூன்றையும் சேர்த்துச் சொல்கிறது. 20 சூட்டு எண். 11 இங்கும் 1.1 மி.மீ.தான். பாஷில் எஃப்.ஆர்.7.டி.சி. என்றால் 7 சூட்டு எண், 'டி' 19 மி.மீ. நீளம். பழைய மெக்கானிக்குகள் 'மைக்கோ பிளக்' என்று சொல்வது இந்த பாஷைத்தான். பெங்களூரு மைக்கோ கம்பெனி 2008-இல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறியது.

ஒரு எழுத்து மாறினால் என்ன ஆகும் என்பதற்கு மரை நீளம் நல்ல உதாரணம். 19 மி.மீ. வேண்டிய ஹெட்டில் (பிளக் ஏறும் இன்ஜினின் மேல்பகுதி) 12.7 மி.மீ. பிளக் போட்டால், மீதியிருக்கும் ஹெட் மரையில் கார்பன் அடைத்துக்கொள்ளும். பின்னால் சரியான பிளக்கை ஏற்றும்போது அந்தக் கார்பனில் மாட்டி மரை கிழியும். நீளம் கூடிய பிளக் போட்டால் நிலைமை இன்னும் மோசம். நுனி உள்ளே நீட்டிக்கொண்டு பிஸ்டனிலோ வால்விலோ இடிக்கலாம். இடிக்காவிட்டாலும், வெளியே தெரியும் மரை நெருப்பில் சிவந்து, தீப்பொறி வரும் முன்பே பெட்ரோலைப் பற்றவைக்கும். 26.5 மி.மீ. நீளமும் இப்போது புழக்கத்தில் இருக்கிறது. கண்ணளவில் 'கிட்டத்தட்ட அதே நீளம்' என்று முடிவெடுக்காதீர்கள்.

உட்காரும் விதமும் இரண்டு: வாஷரோடு தட்டையாக உட்காருவது ஒன்று, வாஷர் இல்லாமல் கூம்பாக உட்காருவது மற்றொன்று. மரை ஒன்றாகவே இருந்தாலும் ஒன்றுக்கு மற்றொன்று ஆகாது.

'ஆர்' இல்லாத பிளக் சில சமயம் விலை குறைவாகக் கிடைக்கும். உள்ளே இருக்கும் அந்த ரெசிஸ்டர் ஏறக்குறைய 5 கிலோ ஓம். தீப்பொறியிலிருந்து கிளம்பும் மின் இரைச்சலை அடக்குவது அதன் வேலை. அது இல்லாவிட்டால் ரேடியோ கரகரக்கும், சென்சார்களும் இன்ஜின் கம்ப்யூட்டரும் குழம்பலாம். கார்புரேட்டர் காலத்துக்குப் பிந்திய எந்த வண்டிக்கும் ரெசிஸ்டர் பிளக்தான்.

சூட்டு எண்

அதிகம் பேர் தடுமாறும் இடம் இது. சூடான பிளக், குளிர்ந்த பிளக் என்பதற்கும் தீப்பொறியின் பலத்துக்கும் தொடர்பு இல்லை. நுனியில் சேரும் சூட்டை பிளக் எவ்வளவு வேகமாக ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதைத்தான் அது குறிக்கிறது. உள்ளே எட்டிப் பாருங்கள்: நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூட்டைப் பிடித்துவைக்கும், அது ஹாட் பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு சட்டென்று இறங்கிவிடும், அது கோல்ட் பிளக்.

நுனி ஏறக்குறைய 450 முதல் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் மேலே படியும் கார்பன் தானாக எரிந்து போகும். 800 டிகிரிக்கு மேல் ஏறினால் நுனியே நெருப்புத் துண்டாகி, தீப்பொறிக்கு முன்பே பற்றவைக்கும். அந்த நேரத்தில் பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும். நாக்கிங் (இன்ஜின் உள்ளே தட்டும் சத்தம்) தொடங்கி, கடைசியில் பிஸ்டன் தலையில் ஓட்டை விழுவது வரை போகும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில் நுனியை வைத்திருக்கத்தான் கம்பெனி ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. என்ஜிகே கணக்கில் ஒரு எண் மாறினால் நுனியின் சூடு சுமார் 70 முதல் 100 டிகிரி வரை மாறும்.

பிராண்ட் மாறும்போது கவனம் தேவை. என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் கூடினால் பிளக் குளிர்ந்தது. பாஷிலும் சாம்பியனிலும் எண் கூடினால் பிளக் சூடானது. என்ஜிகே 5 என்றால் டென்சோ 16, பாஷ் 8. என்ஜிகே 6 என்றால் டென்சோ 20, பாஷ் 7. இவை தோராயம்தான், பிராண்ட் மாற்றுவதானால் அந்தக் கம்பெனியின் கேட்டலாக்கில் உங்கள் இன்ஜினையே தேடி எடுங்கள். 'என்ஜிகே 7 போட்டிருந்தது, பாஷிலும் 7 போட்டேன்' என்றால் ஒரு படி சூடான பிளக்கை மாட்டியிருக்கிறீர்கள்.

வெயிலூரில் ஓட்டுகிறோம், ஒரு எண் குளிர்ந்ததாகப் போட்டால் நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. தேவையில்லை. வெளியே 42 டிகிரி அடித்தாலும் இன்ஜின் உள்ளே எரியும் சூட்டுக்கு முன்னால் அது கணக்கிலேயே வராது. டவுனுக்குள் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிக்கு கோல்ட் பிளக் போட்டால் கரி பிடித்து மிஸ் அடிக்கும் (சிலிண்டரில் பெட்ரோல் இடையிடையே பற்றாமல் போகும்), அவ்வளவுதான் மிச்சம். டர்போவின் பூஸ்ட்டை, அதாவது இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை, கூட்டி டியூனிங் செய்த வண்டிக்கு மட்டும் ஒரு படி குளிர்ந்தது போடுவது வழக்கம். அதையும் டியூன் செய்தவர் சொல்லட்டும்.

நிக்கல், பிளாட்டினம், இரிடியம்

இரிடியம் போட்டால் பிக்கப் கூடும், மைலேஜ் ஏறும் என்று விற்பார்கள். தேய்ந்த பிளக்கைக் கழற்றி எந்தப் புதுப் பிளக் போட்டாலும் அந்த வித்தியாசம் தெரியும். பாராட்டு இரிடியத்துக்குப் போய்விடுகிறது. இரிடியத்தின் உண்மையான லாபம் ஆயுள். நிக்கல் சுமார் 1,455 டிகிரியில் உருகும், பிளாட்டினம் 1,768, இரிடியம் 2,446. அதனால்தான் நிக்கலில் 2.5 மி.மீ. தடிமன் தேவைப்படும் நடுக்கம்பியை இரிடியத்தில் 0.4 அல்லது 0.6 மி.மீ. வரை மெலிதாக்க முடிகிறது. மெல்லிய நுனியில் தீப்பொறி குதிக்கக் குறைந்த வோல்டேஜ் போதும், அந்த வோல்டேஜைத் தரும் காயிலுக்கும் பாரம் குறையும்.

சாதா நிக்கல் பிளக் பொதுவாக 20,000 முதல் 40,000 கி.மீ. வரை தாங்கும். நீண்ட ஆயுள் இரிடியம் 80,000 முதல் ஒரு லட்சம் வரை போகும். 'நீண்ட ஆயுள்' என்ற சொல்லைக் கவனியுங்கள், பெட்டியில் இரிடியம் என்று போட்டதெல்லாம் ஒரு லட்சம் ஓடாது. என்ஜிகேயின் இரிடியம் ஐஎக்ஸ் வகையில் நடுக்கம்பி இரிடியம், எதிரில் வளைந்து நிற்கும் கம்பி நிக்கல். அந்தக் கம்பி தேய்ந்தால் பிளக்கின் கதை முடிந்தது. அதே கம்பெனியின் லேசர் இரிடியத்தில் வளைந்த கம்பியிலும் பிளாட்டினப் பொட்டு வைத்திருக்கும். ஆயுள் அதில்தான். கடையில் பிளக்கைக் கையில் வாங்கி, வளைந்த கம்பியின் உள்பக்கம் நுனிக்கு நேர் எதிரே சின்னதாக ஒரு வட்டப் பொட்டு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். விலை வித்தியாசத்துக்கு அதுவே காரணம்.

இரண்டு பக்கமும் விலையுயர்ந்த உலோகம் கட்டாயம் தேவைப்படும் இன்ஜின்களும் உண்டு. ஒரே காயில் இரண்டு சிலிண்டருக்குச் சேர்த்துத் தீப்பொறி தரும் அமைப்பு இருந்தால், ஒவ்வொரு பிளக்கும் தேவைக்கு இருமடங்கு பொறி விடும். அதோடு, ஜோடியில் ஒன்றில் மின்சாரம் நடுவிலிருந்து வெளியே பாயும், மற்றதில் வெளியிலிருந்து நடுவுக்குப் பாயும். ஒன்றில் நடுக்கம்பி தேயும், மற்றதில் வளைந்த கம்பி தேயும். இதில் ஐஎக்ஸ் மாதிரி ஒரு பக்க இரிடியம் போட்டால் பாதிப் பிளக்குகள் சீக்கிரம் போய்விடும்.

கம்பெனி இரிடியம் சொன்ன வண்டிக்கு நிக்கல் போடலாமா? டர்போ இல்லாத சாதாரண இன்ஜினில், அளவும் சூட்டு எண்ணும் இடைவெளியும் ஒத்துப்போனால் வண்டி ஓடும். ஆனால் மூன்றில் ஒரு பங்கு தூரத்திலேயே மறுபடி கழற்ற வேண்டும். பிளக்கை எட்டுவதற்கே இன்டேக் மேனிஃபோல்டை (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்த் தொகுப்பு) கழற்ற வேண்டிய வண்டியில், மிச்சம் பிடித்த காசு கூலியில் போய்விடும். பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்ஷன் டர்போ வண்டிகளில் இந்தச் சிக்கனம் வேண்டவே வேண்டாம். நிக்கல் சொன்ன வண்டிக்கு இரிடியம் போடுவதில் கெடுதல் இல்லை. அடுத்த வருடமே விற்கப்போகும் வண்டிக்கு அது வீண்செலவு.

இரண்டு, மூன்று, நான்கு வளைந்த கம்பிகள் உள்ள பிளக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு நேரத்தில் பொறி ஒரு கம்பிக்குத்தான் போகும். கம்பெனி அதையே சொல்லியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

இடைவெளி

'புதுசு, கம்பெனியிலேயே செட் பண்ணி வரும்' என்று அளக்காமல் மாட்டுவார்கள். லாரியில் குலுங்கி, கவுன்டரில் விழுந்து வந்ததாகவும் இருக்கலாம். டர்போ இல்லாத பெரும்பாலான வண்டிக்கு 1.0 முதல் 1.1 மி.மீ.; டர்போவுக்குப் பொதுவாக 0.7 முதல் 0.8, பாயிண்ட் (பொறிக்காக மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பழைய அமைப்பு) வைத்த பழைய அம்பாசிடர், பத்மினி காலத்து வண்டிகளுக்கும் அந்தச் சின்ன இடைவெளிதான். மேனுவல் வேறு சொன்னால் மேனுவலே சரி.

இரிடியத்தை அளக்கக் கம்பி வடிவ கேஜ் வேண்டும். நாணயம் மாதிரி வட்டமாக, ஓரம் சரிந்து வரும் கேஜை உள்ளே நுழைத்துத் திருகினால் 0.4 மி.மீ. நுனி ஒடிந்துவிடும். வளைந்த கம்பியை மட்டும் வளைக்கலாம், நடுக்கம்பியிலோ பீங்கானிலோ நெம்பக் கூடாது. 0.2 மி.மீ.க்கு மேல் வளைத்தால்தான் சரிவரும் என்றால் நீங்கள் வாங்கியது வேறு எண் பிளக், திருப்பிக் கொடுங்கள்.

சி.என்.ஜி. வண்டிக்குத் தனிக் கணக்கு. வாயுக் கலவையில் பொறி குதிக்கப் பெட்ரோலைவிட அதிக வோல்டேஜ் தேவை. கம்பி தேய்ந்து இடைவெளி அகன்ற பிறகு, பெட்ரோலில் நன்றாக ஓடும் வண்டி கேஸுக்கு மாற்றியதும் மிஸ் அடிப்பது இதனால்தான். கம்பெனி கிட் உள்ள வண்டிக்கு அதற்கென்று சொன்ன எண்ணையே வாங்குங்கள். பெட்ரோல் மாடலின் எண்ணை வாங்காதீர்கள். வெளியில் கிட் மாட்டிய வண்டியில் இடைவெளியைச் சற்றுக் குறைத்து வைப்பதும், பிளக்கைச் சீக்கிரம் மாற்றுவதும் நடைமுறை.

டூப்ளிகேட்

பெட்டியின் அச்சைப் பார்த்து இப்போது கண்டுபிடிக்க முடியாது, பிளக்கைப் பாருங்கள். நல்ல பிளக்கின் வாஷர் மரையில் இறுகிப் பிடித்திருக்கும். விரலால் சுற்றிச் சுலபமாகக் கழற்ற முடிந்தால் சந்தேகப்படுங்கள். அறுகோணத்தில் லாட் எண் தெளிவாகக் குத்தியிருக்கும். வளைந்த கம்பி நடுநுனிக்கு நேர் மேலே நிற்கும்; போலியில் ஓரமாக விலகியிருக்கும். ஒரு செட்டில் நான்கையும் வரிசையாக நிறுத்தினால் நான்கின் இடைவெளியும் ஒன்றுபோல இருக்க வேண்டும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு மாதிரி இடங்களில் வாங்கினாலும் பில் போட்டுக் கொடுக்கும் கடையில் வாங்குங்கள். பாதி விலைக்கு ஒரிஜினல் இரிடியம் கிடைக்கிறது என்றால் நுனியில் இருப்பது இரிடியமாக இருக்க வாய்ப்பில்லை.

மாட்டும் முன் பழையதைப் படியுங்கள்

கழற்றிய பிளக்குகளை சிலிண்டர் வரிசையிலேயே அடுக்கி வையுங்கள். நுனி இளம்பழுப்பு அல்லது சாம்பல் நிறம் என்றால் எண் சரி. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது வண்டி சூடேறும் முன்பே தினமும் நிறுத்தப்படுகிறது. எண்ணெய்ப் பசையோடு கறுப்பு என்றால் வால்வு சீல் அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் உள்ளே கசிகிறது. பிளக் மாற்றி இதைத் தீர்க்க முடியாது. பீங்கான் வெளுத்துக் கொப்புளித்திருந்தால் இன்ஜின் சூடாகிறது, கலவையில் பெட்ரோல் குறைகிறது, அல்லது பிளக் தளர்ந்திருக்கிறது. இந்த நிலையில் புதியதைப் போட்டு ஓட்டிவிடாமல் காரணத்தைத் தேடுங்கள்.

வெளிப்பக்கப் பீங்கானில், உலோகத்தோடு சேரும் இடத்தில் பழுப்பு வளையம் இருந்தால் 'பிளக் லீக்' என்பார்கள். பெரும்பாலும் லீக் இல்லை. உயர் வோல்டேஜ் சுற்றியிருக்கும் காற்றிலுள்ள எண்ணெய்த் துகளை இழுத்து ஒட்டவைக்கும் கறை அது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பீங்கானில் மேலிருந்து கீழாக மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால்தான் ஆபத்து: பொறி உள்ளே போகாமல் வெளிவழியே இறங்கியிருக்கிறது. அந்த பிளக்கோடு அதன் தலையில் மாட்டும் ரப்பர் பிளக் கேப்பையும் மாற்றாவிட்டால் புதுப் பிளக்கிலும் அதே கோடு விழும். பிளக் குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் டாப் கவர் சீல் போயிருக்கிறது. முதலில் அதை மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஆயில் ரப்பர் கேப்பை ஊறவைத்துக் கெடுத்துவிடும்.

மாட்டுவது

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை பிளக்கோடு வந்துவிடும். கழற்றும் முன் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள், மணல் ஒரு துகள் உள்ளே விழுந்தாலும் சிலிண்டர் கீறும். புதியதை முதலில் கையால் ஏற்றுங்கள். குழி ஆழமென்றால் பெட்ரோல் ஹோஸ் துண்டை பிளக் தலையில் செருகிச் சுற்றலாம். மரை கோணலாகப் பிடித்தால் ஹோஸ் வழுக்கிவிடும், ஸ்பானர் வழுக்காமல் மரையைத் தின்றுவிடும்.

இறுக்கம், அலுமினிய ஹெட்டில் 14 மி.மீ. வாஷர் பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ.க்கு 15 முதல் 20. டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) இல்லையென்றால் கையால் உட்காரும்வரை சுற்றி, அதற்குமேல் புது வாஷருக்கு அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று. கூம்புப் பிளக்குக்கு பதினாறில் ஒரு சுற்று போதும். அதில் அரைச் சுற்று இறுக்கினால் அடுத்த முறை கழற்றவே வராது. குறைவாக இறுக்கினாலும் கெடுதல்தான்: சூடு ஹெட்டுக்கு இறங்க வழியில்லாமல் பிளக் வெந்துபோகும். மரையில் கிரீஸ், ஆன்டி-சீஸ் (மரை ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தடவும் பசை) எதுவும் தடவாதீர்கள். முலாம் பூசிய மரைக்கு அது தேவையில்லை, வழுக்கலில் அதே டார்க்கில் அளவுக்கு மீறி இறுகிவிடும். கீழே விழுந்த பிளக்கை, பார்க்க நன்றாக இருந்தாலும், போடாதீர்கள். உள்ளே பீங்கானில் விரிசல் விட்டிருந்தால் வெளியே தெரியாது.

மாற்றிய பிறகு செக் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0302 என்று வந்தால் இரண்டாம் சிலிண்டர் மிஸ் அடிக்கிறது. அந்த பிளக்கை மூன்றாம் சிலிண்டரின் பிளக்கோடு மாற்றிப் போட்டு, ஸ்கேனரில் வந்த அந்தக் கோளாறு எண்ணை அழித்து ஓட்டிப் பாருங்கள். பி0303 என்று மாறினால் பிளக் குற்றம், பில்லோடு கடைக்குக் கொண்டுபோகலாம். பி0302-ஆகவே நின்றால் அடுத்து இரண்டாம் சிலிண்டரின் காயிலை இதேபோல் இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். அதுவரை பழைய செட்டைத் தூக்கி எறியாதீர்கள்.